உயிரோடு இருப்பவனின் படத்துக்கு ஒரு மாலை

உயிரோடு இருக்கிற என் தம்பியைச் செத்தவன் ஆக்கியது எங்கள் சங்கத்தின் தலைவர். தெரியாமல் செய்யவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு வாசலில் அவனுக்குக் கைகொடுத்து, "என்ன தம்பி, உடம்பு வைச்சிட்டியள்" என்று சொன்னவரும் அவர்தான். பிறகு உள்ளே போய் அவனுடைய படத்துக்கு மாலை போட்டு, முன்னால் விளக்குக் கொளுத்தினார்.

வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். தலையாட்டினார்கள், வடை தந்தார்கள். அதனால் எழுதுகிறேன்.

சங்கம் இங்கே கனடாவில், மில்லிக்கன் என்கிற இடத்தில் இருக்கிறது. தரைக்கு ஓடு விற்கிற கடைக்கும் சேலைக் கடைக்கும் நடுவில் ஒரு மண்டபம். அதன் பெயரில் மரபும் உண்டு, நாட்டுப்பற்றும் உண்டு. எந்த நாட்டின் மேல் பற்று என்று ஒருமுறை கூட்டத்தில் கேட்டேன். "ரெண்டிலயுந்தான் தங்கச்சி" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். யூலை மாதம் கனடாக் கொடி ஏற்றுவோம். தையில் பொங்குவோம். நவம்பரில் சட்டையில் பொப்பிப் பூவைக் குத்திக்கொண்டு, இந்த நாட்டுக்காகச் சண்டையில் செத்தவர்களுக்கு அஞ்சலி செய்வோம். அதே நவம்பர்க் கடைசியில், ஊரில் எங்கள் வீடுகளிலிருந்து இயக்கத்துக்குப் போய்ச் செத்த பிள்ளைகளுக்காக அழுவோம். அது வேறு மண்டபம், வேறு நிர்வாகம். ஆனால் அழுகிற சனம் ஒன்றுதான். படம் வைக்கிற தட்டி, சிவப்புத் துணி, பூத்தட்டு, விளக்கு எல்லாம் ஒன்றுதான். இங்கே இருந்து அங்கே போகும், அங்கே இருந்து இங்கே வரும். என்னுடைய வான் வண்டியில் நானே ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

தலைவர் வீடு விற்கிற தொழில் செய்கிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா செத்தபோது எல்லா ஒழுங்குகளையும் ஓடி ஓடிச் செய்தவர் அவர். அதனால்தான் எனக்கு இந்தக் குழப்பம். கெட்டவர் என்றால் ஏசிவிட்டுப் போயிருப்பேன்.

போன ஐப்பசியில் அவர் எனக்குப் போன் எடுத்தார். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலை ஓட்டம் முடிந்து, பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இந்தமுறை வெள்ளைக்காரரை மட்டும் கௌரவிக்காமல், எங்கட ஆள் ஒருத்தரையும் கௌரவிக்கவேணும் எண்டு கமிட்டியில முடிவு. உங்கட தம்பி கனடா ஆமியில இருந்தவர்தானே?"

"ஓம் அண்ணை."

"ஆப்கானிஸ்தானுக்கும் போனவரெல்லோ?"

"ஓம்."

"அப்ப அவரைக் கட்டாயம் வரச் சொல்லுங்கோ. யூனிபோமோட ஒரு நல்ல படமும் அனுப்புங்கோ. பெரிசாப் போடவேணும்."

நோட்டீசில் போடப்போகிறார்கள் என்று நினைத்தேன். தம்பி போருக்குப் போன காலையில், நாங்கள் அப்போது இருந்த தொடர்மாடிக் கட்டடத்தின் கார்ப் பார்க்கில் நான் எடுத்த படத்தை அனுப்பினேன். தலை நிறைய மயிர். ஒட்டிய கன்னம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறான். இப்போது அவனுக்குத் தலையில் மயிர் இல்லை, வயிறு வைத்துவிட்டது. சிரிப்பதும் குறைவு.

அவனைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் இங்கே வந்தபோது அவன் சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயது. அப்பா வரவில்லை, அவரை ஊரிலேயே புதைத்துவிட்டு வந்தோம். அம்மா ஒரு பேக்கரியில் வேலை செய்தா, நான் அவனைப் பார்த்துக்கொண்டேன். பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பகுதி நேரப் படையில் சேர்ந்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "சம்பளம் தருவினம் அக்கா, சப்பாத்தும் தருவினம்" என்றான். இன்றைக்கும் அந்தக் காரணம்தான் என்னிடம் இருக்கிறது.

முதல் தடவை சீருடையோடு வீட்டுக்கு வந்த நாள் எனக்கு மறக்காது. அம்மா கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடியால் பார்த்தா. பச்சைப் புள்ளிச் சட்டையும் தொப்பியும்தான் தெரிந்திருக்கிறது, ஊரில் கதவு தட்ட வருகிற ஆமியைப் போல. சங்கிலியைக் கொழுவிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் இருந்துவிட்டா. "ஆமி வந்திட்டான், சத்தம் போடாதை" என்றா. வெளியே அவன் தட்டிக்கொண்டு நிற்கிறான். "அம்மா, நான்தான். பசிக்குது." அம்மாவுக்கு அது அவனுடைய குரல் என்று தெரியும். தெரிந்தும் எழும்பவில்லை. நான்தான் போய்த் திறந்தேன். அதன் பிறகு அவன் கீழே காருக்குள்ளே சட்டை மாற்றிக்கொண்டுதான் மேலே வருவான்.

ஆப்கானிஸ்தானுக்குப் போய்த் திரும்பி வந்தான். வந்தவனிடம் எங்கள் ஆட்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலியாண வீடுகளில் பக்கத்துக் கதிரையில் இருந்து, வீட்டு விலை கேட்பார்கள், வட்டி வீதம் கேட்பார்கள். அங்கே என்ன நடந்தது என்று மட்டும் கேட்கமாட்டார்கள். இளம் பெடியன்கள் அவனுக்கு "ஆமி" என்று பட்டப் பெயர் வைத்தார்கள். "டேய், ஆமி வாறான், செக்கிங், ஐடென்ரிக் காட்டை எடுங்கோ" என்று, ஊரில் ஆமியின் சோதனைச் சாவடியில் நின்ற மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அவனும் சிரிப்பான். ஒருநாள் அந்தப் பகிடிக்குத் தானும் சேர்ந்து, ஒவ்வொருவனையும் தடவிப் பார்த்து, "சரி போ" என்று அனுப்பினான். எல்லோருக்கும் வயிறு நோகச் சிரிப்பு. கடைசி ஆள் போன பிறகும் அவன் மட்டும் கையை நீட்டியபடி அடுத்தவனைத் தேடினான். நான் பார்த்தேன்.

பிறகு கலியாணம் கட்டினான். பிறம்ரனில் வீடு, ஒரு பெண் பிள்ளை, பொருட்கள் அடுக்கி வைக்கிற பெரிய கிடங்கில் பாரம் தூக்குகிற போர்க் லிப்ட் வண்டி ஓட்டுகிற வேலை. நான் இந்தப் பக்கம் ரூஜில். இடையில் நெடுஞ்சாலை. மாதத்தில் ஒருமுறை பார்ப்போம். ஒருமுறை, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு கோப்பை கழுவிக்கொண்டு நிற்கும்போது சொன்னான்: "அக்கா, சில நேரம் நான் திரும்பி வரேல்லை எண்டு நினைப்பன். வந்தது வேற ஆரோ." நான் கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "விசர்க்கதை கதையாதை" என்றேன். அவனும் விட்டுவிட்டான்.

விழா நாளுக்கு வருவோம்.

தம்பி இரவு வேலை முடிந்து, நித்திரை கொள்ளாமல், நேராகப் பிறம்ரனிலிருந்து வந்தான். கறுத்தக் கோட்டு, நெஞ்சில் பதக்கங்கள், பொப்பிப் பூ. வாசலில் தலைவர் கைகொடுத்ததை முன்னரே சொன்னேன். எங்களை முன் வரிசையில் இருத்தினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். அவரும் ஒரு பழைய படைவீரர். சங்கத்துக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறவர். கைத்தடி, தொப்பி, மடியில் ஒரு தட்டு வடை. நகரசபைக்காரர் ஒருவரும் வந்திருந்தார்.

கனடாக் கீதம் பாடினோம். தமிழ் வாழ்த்துப் பாடினோம். பிறகு மேடையின் திரையை விலக்கினார்கள். தட்டியில் நாலு படம். மூன்று, பழைய காலத்துச் சண்டைகளில் செத்த வெள்ளைக்காரப் பெடியன்கள். சாம்பல் நிறப் படங்கள். நடுவில் என் தம்பி, நிறப் படம், மற்ற மூன்றையும் விடப் பெரிது. கார்ப் பார்க் வெயிலில் சிரித்துக்கொண்டிருக்கிறான். நாலுக்கும் மாலை. நாலுக்கும் முன்னால் விளக்கு. தலைவர் வந்து ஒவ்வொன்றாகக் கொளுத்தினார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. இது வேறு யாரோ, தம்பி சாயலில் ஒரு பெடியன் என்றுதான் நினைத்தேன். படத்தில் அவனுக்குப் பின்னால் நாங்கள் முன்பு இருந்த கட்டடத்தின் குப்பைத் தொட்டி தெரிந்தது. நான் எடுத்த படம் என்று அதில்தான் பிடித்தேன்.

அறிவிப்பாளர் மைக்கில் குரலை இறக்கினார். இப்படியான குரல் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். "தமிழ் மண்ணில் பிறந்து, தன்னை வாழவைத்த கனடா மண்ணுக்காகப் போர்க்களம் சென்ற எங்கள் வீர மைந்தனுக்கு மலர் தூவி வணங்குவோம். அனைவரும் வரிசையாக வரவும்."

சனம் எழும்பிவிட்டது. பூத்தட்டைக் கண்டால் எங்கள் சனத்துக்குக் கால் தானாக எழும்பும். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். நான் தலைவரைத் தேடுகிறேன். அவர் நகரசபைக்காரருக்குப் பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நான் எழும்பி ஏதாவது சொல்லவேண்டும். என்ன சொல்வது? மைக்கைப் பறித்து, "உவன் சாகேல்லை" என்று சொல்வதா? அதற்கு அவன் பக்கத்தில் இருந்து, ஓம் நான் சாகவில்லை என்று கை உயர்த்துவதா?

திரும்பிப் பார்த்தால் தம்பி கதிரையில் இல்லை. வரிசையில் நிற்கிறான். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு, இரண்டு வயதான அன்ரிமாருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுடைய முறை வந்தது. பூ எடுத்தான். மூன்று வெள்ளைக்காரப் பெடியன்களுக்கும் போட்டான். தன்னுடைய படத்துக்கும் போட்டான். கும்பிட்டான். விறைப்பாக நின்று சலூட் அடித்தான். பிறகு வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் இருந்தான்.

"என்னடா செய்தனி?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போடினம் அக்கா. நான் போடாமல் இருந்தால் மரியாதையில்லை."

வெள்ளைக்காரக் கிழவர் படத்தைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார், பிறகும் படத்தைப் பார்க்கிறார். மெதுவாக அவன் பக்கம் சாய்ந்து, அது உன் சகோதரனா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தம்பி, ஓம் ஐயா என்றான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஓம் ஐயா, என் சகோதரன் என்றான். கிழவர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. வடைத் தட்டு மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அதன் பிறகு அவனை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். அதுதான் பெரிய அதிசயம். படத்துக்கு மாலை போட்ட அதே மேடையில், அதே ஆளுக்குப் பொன்னாடை. பேரைச் சொல்லாமல், "எங்கள் பழைய படைவீரர்" என்று மட்டும் சொன்னார் அறிவிப்பாளர். நான் எண்ணுகிறேன், அந்த மண்டபத்தில் அரைவாசிப் பேருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. தெரிந்த அரைவாசிப் பேர் கைதட்டினார்கள். அவர்களைத்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சாப்பாட்டு நேரம் தலைவரைச் சமையலறைக்குள் வைத்துப் பிடித்தேன்.

"என்ன அண்ணை செய்து வைச்சிருக்கிறியள்? அவன் உயிரோட இருக்கிறான்."

"தெரியும் தங்கச்சி, தெரியும். மெதுவாக் கதையுங்கோ."

"தெரிஞ்சு கொண்டு மாலை போட்டனீங்களோ?"

"பாருங்கோ, நான் ஒளிக்காமல் சொல்லுறன். போன வருசம் மூண்டு வெள்ளைக்காரப் படம் வைச்சனாங்கள். சனம் வந்தது, பூவைத் தட்டில இருந்து எடுத்து எறிஞ்சிட்டுச் சாப்பாட்டு லைனுக்குப் போயிட்டுது. ஒரு தமிழ் முகம் இல்லாட்டி எங்கட சனம் மனசாரப் பூப் போடாது. இந்த வருசம் பாத்தனீங்கள்தானே? எத்தினை பேர் அழுதவை."

"அப்ப செத்த ஒருத்தன்ர படத்தை வைச்சிருக்கலாமே."

"இந்த நாட்டு ஆமியில போய்ச் செத்த தமிழன் ஒருத்தனையும் எனக்குத் தெரியாது. நான் எங்க போறது?" என்றார். உண்மையாகவே கேட்டார். பிறகு, "குறையா நினையாதேங்கோ. மரியாதைதானே செய்தனாங்கள்" என்று ஒரு பெட்டி வடையை என் கையில் வைத்தார்.

கார்ப் பார்க்கில் தம்பி அந்த வடையைச் சாப்பிட்டான். "விடுங்கோ அக்கா. சும்மா ஒரு படம்" என்றான். பொன்னாடையைக் கழற்றிக் காரின் பின் சீற்றில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கிழமையிலேயே என் வீட்டு மணி அடித்தது. வெளியே, ரூஜில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு அன்ரி. கையில் பெரிய சட்டி, தோளில் பை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, ரசம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் சமைத்துக் கொண்டுவருவார்களே, அந்தச் சாப்பாடு. உள்ளே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டா.

"எனக்குத் தெரியாமல் போச்சு பிள்ளை. உங்கட தம்பி எண்டு நேற்றுத்தான் ஒராள் சொன்னது. இத்தினை வருசம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனசுக்குள்ள வைச்சிருந்திட்டியளே."

"அன்ரி, அவன் சாகேல்லை. பிறம்ரனில இருக்கிறான். அண்டைக்கு விழாவில வரிசையில உங்களுக்குப் பின்னால நிண்டவன்."

அன்ரிக்கு மண்டையில் ஏறவில்லை. திரும்பச் சொன்னேன். மொட்டைத் தலை, கறுத்தக் கோட்டு என்றேன். அவ சட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தா. அவவுடைய மூத்த மகன் இயக்கத்துக்குப் போய்ச் செத்தவன். அவனுடைய ஒரு படமும் அவவிடம் இல்லை, வீட்டோடு எரிந்துவிட்டது. நவம்பர்க் கடைசியில் அந்த மற்ற மண்டபத்தில் எல்லாத் தாய்மாரும் தங்கள் தங்கள் பிள்ளையின் படத்துக்கு முன்னால் நிற்கும்போது, அவ வெறும் பூவோடு சுற்றிக்கொண்டு நிற்பாவாம். அன்றைக்கு எங்கள் மண்டபத்தில், அந்த வெயில் படத்தைக் கண்டதும், மகனுடைய வயது ஒத்து, சிரிப்பும் ஒத்து, விம்மி விம்மி அழுதாவாம்.

"அப்ப நான் ஆருக்குப் பிள்ளை அழுதனான்?" என்று கேட்டா. கோபமாகத்தான் கேட்டா, நான் ஏதோ ஏமாற்றியவள் மாதிரி. இரண்டு பேரும் அந்தச் சாப்பாட்டைப் போட்டுச் சாப்பிட்டோம். வேறு என்ன செய்வது? ரசம் நன்றாக இருந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தை மாதம், பொங்கல் பானைகளை எடுக்க, பகல் ஓட்டம் இல்லாத நேரத்தில் மண்டபத்துக்குப் போனேன். தலைவர் மட்டும் இருந்தார். உள்ளே போனால், மேடைக்குப் பக்கத்துச் சுவரில் தம்பியின் படம் ஆணியடித்துத் தொங்குகிறது. மற்ற மூன்று படமும் இல்லை. அவன் மட்டும். வாடாத பிளாஸ்ரிக் மாலை. கீழே மின்சாரத்தில் எரிகிற சின்ன விளக்கு, காற்றில் ஆடுகிற மாதிரி மினுங்குகிறது.

"இது ஏன் இன்னும் இருக்குது?"

"சனம் கேக்குது தங்கச்சி. வாற போற ஆக்கள் ஒருக்காக் கும்பிட்டிட்டுத்தான் போகினம். உங்கட தம்பியே வாறவர்."

"ஆர்?"

"தம்பிதான். உங்களுக்குத் தெரியாதோ? கிழமையில ஒருக்கா வருவார். பகலில. உதிலை ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால இருப்பார். நான் தேத்தண்ணி குடுப்பன். ஒரு சொல்லுக் கதைக்க மாட்டார். நல்ல மனுசன்."

சிரித்துக்கொண்டு சொன்னார். பெருமையாகச் சொன்னார். நான் கதிரையை இழுத்து ஏறி மாலையைக் கழற்றக் கை வைத்தேன். அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். உண்மையாகவே பயந்துபோனார்.

"ஐயோ தங்கச்சி, வேண்டாம். போட்ட மாலையைக் கழட்டக் கூடாது. உயிரோட இருக்கிற பிள்ளை. ஏதும் ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு?"

"போடேக்க உந்தப் பயம் எங்கை போனது?"

"அப்ப யோசிக்கேல்லை. பிறகுதான் யோசிச்சனான். கோயில் ஐயரிட்டையும் கேட்டனான். செத்தவைக்கு எல்லா முறையும் இருக்காம். உயிரோட இருக்கிறவன்ர படத்துக்குப் போட்ட மாலையை எடுக்க ஒரு முறையும் இல்லையாம். என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டுப் போயிட்டார்."

கதிரையிலிருந்து இறங்கினேன். இறங்கியதற்குக் காரணம் அவர் சொன்ன பயம் எனக்கும் பிடித்ததுதான். நான் மாலையைக் கழற்றி, அடுத்த நாள் நெடுஞ்சாலையில் அவனுக்கு ஏதாவது நடந்தால்? இப்படிப்பட்ட கதைகளை நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் இறங்கிவிட்டேன். பின்னேர ஓட்டத்துக்கு வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டு, பானைகளை ஏற்றிக்கொண்டு நேராகப் பிறம்ரனுக்குப் போனேன்.

தம்பி வீட்டில் இருந்தான். வேலைக்குப் போவதில்லையாம், சில கிழமையாக. மனைவி வேலைக்குப் போயிருந்தா, பிள்ளை பள்ளிக்கூடம். ரீவியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு இருந்தான். முகம் மழிக்கவில்லை.

"மண்டபத்துக்கு என்னத்துக்கடா போறாய்?"

"சும்மா."

"சும்மா ஒருத்தரும் மில்லிக்கன் வரைக்கும் கார் ஓடமாட்டினம். அதுவும் பனிக்குள்ள."

ரீவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, அவனை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆக்கள் வந்து கும்பிடினம். மில்லிக்கனில இருக்கிற ஒரு அன்ரி வந்து படத்தோட கதைக்கிறா, தம்பி சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா. நான் பக்கத்தில இருக்கிறன், அவவுக்கு என்னைத் தெரியாது. நான் திரும்பி வந்த நேரம் ஒருத்தரும் என்னட்டை அப்பிடிக் கேக்கேல்லை."

"நான் கேட்டனான்."

"நீங்கள் கேட்டனீங்கள். ஓம். நீங்கள் சாப்பிட்டியோ எண்டுதான் கேட்டனீங்கள். அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கேல்லை." அவன் குற்றம் சொல்லவில்லை. ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். "அவன் நல்லாயிருக்கிறான் அக்கா. வயசு போகேல்லை. அவனுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. அவன்தான் போனவன். நான் சும்மா இஞ்சை அவன்ர உடுப்பைப் போட்டுக்கொண்டு திரியிறன்."

முன்பு கோப்பை கழுவும்போது சொன்ன அதே கதை. அப்போது அது ஒரு நினைப்பு. இப்போது அதற்கு மாலை போட்டு, விளக்கு வைத்து, சனமும் கும்பிட்டு, சரி என்று ஆக்கிவிட்டார்கள். மனைவி வந்ததும் இருவருமாக அவனைக் குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோனோம். இப்போது பழைய படையினரைப் பார்க்கிற ஒரு ஆலோசகரிடம் போய் வருகிறான். மருந்து எடுக்கிறான். சில நாள் நல்லது, சில நாள் இல்லை. ஆனால் இன்னும் மண்டபத்துக்குப் போகிறான். போகாதே என்றால், "நான் போகாட்டி ஆரக்கா அவனைப் பாக்கிறது?" என்கிறான். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று ஆலோசகரிடம் கேட்டேன். மாலை போட்ட படம் என்றால் எங்கள் ஆட்களுக்கு என்னவென்று அவருக்கு விளங்கப்படுத்தவே எனக்குப் பாதி நேரம் போய்விட்டது.

கமிட்டிக்காரர் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். ஒருவர், விழா மிகச் சிறப்பு என்று நகரசபையில் பாராட்டினார்கள் என்றார். இன்னொருவர், நான் குடும்பத்துக்குக் கிடைத்த மரியாதையைக் கெடுக்கிறேன் என்றார். மூன்றாமவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இப்ப எடுத்தால் சனம் ஏன் எண்டு கேக்கும். உயிரோட இருக்கிறவருக்கோ பூப் போட்டனாங்கள் எண்டு கேக்கும். அந்த அன்ரிமார் எல்லாம் எங்களைத் திண்டுபோடுவினம்" என்றார். அவர் ஒருவர்தான் உள்ளதைச் சொன்னவர்.

நான் சங்கத்தை வெறுக்கவில்லை. பூப் போட்ட சனத்தையும் வெறுக்கவில்லை. அவர்களுக்குப் போட ஒரு இடம் வேண்டும். போருக்குப் போய்ச் செத்தவனை எப்படி மதிப்பது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும், நித்திரையிலும் செய்வோம். போய்விட்டு, உடம்பு பெருத்து, மயிர் உதிர்ந்து, வடை தின்றுகொண்டு பக்கத்துக் கதிரையில் இருப்பவனை என்ன செய்வதென்று தெரியாது. எனக்கும்தான் தெரியாது. தெரியாததற்காக அவனைச் செத்தவர்களோடு சேர்த்து வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது. அதே மண்டபம். படம் அதே சுவரில்தான் இருக்கும், நான் தொடமாட்டேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், வர ஒத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு தெரு தள்ளி இருக்கிற அன்ரியும் வருகிறா. மூன்று பேரும் முன் வரிசையில் இருப்போம்.

தலைவர் அண்ணை, சமையலறைக்குள் கூப்பிட்டு வடை தரவேண்டாம். மேடையில் ஏறுங்கள். மைக்கைப் பிடியுங்கள். அந்தப் படத்தில் இருப்பவன் யார், கதிரையில் இருப்பவன் யார், இருவரில் யார் உயிரோடு இருக்கிறான் என்று, என் தம்பியின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.